கருவிக்குக் காசு உண்டு, கற்றுத்தருபவருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவையும் கடைத்தெருவிலிருந்து வந்தவையும் ஏறக்குறைய ஒன்றையே கேட்கின்றன. புதிய கருவி வந்துவிட்டது, அல்லது வரப்போகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதே அது. ஆகவே அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். முதல் பதில் நீளமானது. மற்றவை பலவும் அதில் சொல்வதை ஒட்டியே நிற்பதால் வாசகர்கள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் கணிசமான நன்கொடை தர முன்வந்திருக்கிறார். வகுப்பறைதோறும் திறன்பலகை பொருத்தலாம் என்று ஒரு சாராரும், மாணவர்களுக்கு டேப்லெட் வாங்கலாம் என்று மற்றொரு சாராரும் கூட்டத்தில் வாதிடுகிறார்கள். எது நல்லது?
— பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஐயா, இரண்டில் எதை வாங்கினாலும் நன்கொடை முழுவதையும் பொருளாக மாற்றிவிடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். பொருளுக்கு ரசீது உண்டு, திறப்பு விழா உண்டு, படம் எடுக்கலாம். ஆசிரியருக்கு அதைப் பழக்கிக்கொடுக்கும் மாலை நேரத்துக்கு இவை எதுவும் இல்லை. அதனால்தான் நம் சங்கங்கள் பெரும்பாலும் முன்னதற்கே பணம் ஒதுக்குகின்றன. பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிப்பதோ பின்னது.

இதை வெறும் கருத்தாகச் சொல்லவில்லை. தென் அமெரிக்காவில் பெரு நாடு ‘ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின்கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியது. அதன் பலனை அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளிகள் 319இல் அளந்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்கு 0.12 என்றிருந்த கணினி எண்ணிக்கை 1.18 ஆக உயர்ந்திருந்தது. ஆனால் கணிதத்திலோ மொழியிலோ பிள்ளைகளின் அடைவு உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கையும் ஏறக்குறைய இதையே சொன்னது. பள்ளிக் கணினிகளுக்குப் பெருஞ்செலவு செய்த நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க உயர்வைக் காண முடியவில்லை என்று அது பதிவு செய்தது.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. டில்லியில் நடுநிலைப்பள்ளி மாணவர்களுக்கான மாலைநேர மையங்களில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கற்றல் மென்பொருளைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வை, பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் 2019இல் வெளியிட்டார்கள். நாலரை மாதங்களிலேயே கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அங்கே வேறுபட்டது என்ன? எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்மையில் நான்காம் வகுப்புக் கணக்கில் தடுமாறுகிறது என்றால், மென்பொருள் நான்காம் வகுப்புக் கணக்கையே கொடுத்தது. அதோடு, 90 நிமிட அமர்வில் பாதி நேரம்தான் திரை. மீதிப் பாதியில் சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தார். அந்த ஆளுக்கும் சம்பளம் ஒதுக்கியிருந்தார்கள்.

நம் நாட்டு அனுபவமும் இதற்கு விலக்கன்று. 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் பள்ளிகளுக்கு இணைய வசதியையும் மெய்நிகர் கற்றல் தளத்தையும் கொண்டுவந்தது. அத்தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தேசியத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையே குறைகூறியது. 2019இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. 2020 ஜூனில் கல்வி அமைச்சு ‘டெலிமா’ தளத்தைத் தொடங்கியது. இன்று உங்கள் பள்ளியில் பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். டேப்லெட் வாங்குவதற்கு முன்னால், எத்தனை பெற்றோருக்குத் தம் பிள்ளையின் டெலிமா கடவுச்சொல் தெரியும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். கைதூக்குவோரின் எண்ணிக்கை, நன்கொடையை எங்கே செலவிட வேண்டும் என்பதைப் பாதி சொல்லிவிடும்.

அண்மையில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குச் சென்றிருந்தபோது அடுத்தடுத்த இரு வகுப்பறைகளில் கண்டதையும் எழுதுகிறேன். முதல் வகுப்பில் பாடநூலின் பக்கத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி, ஆசிரியர் அதை வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வகுப்பிலும் அதே வகைத் திரைதான் இருந்தது. ஆனால் அந்த ஆசிரியை, மூன்று பிள்ளைகளின் கணக்கேட்டைத் தம் திறன்பேசியில் படமெடுத்து, பெயரை மறைத்துத் திரையில் போட்டார். முக்காலையும் (3/4) அரைக்காலையும் (1/8) கூட்டும் கணக்கு அது. ஒரு பிள்ளை தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டி 4/12 என்று எழுதியிருந்தது. ‘இந்தப் பிள்ளை எந்த இடத்தில் வழி தவறியது?’ என்று மட்டும் ஆசிரியை கேட்டார். வகுப்பே எழுந்து நின்று வாதிட்டது. பன்னிரண்டில் நான்கு என்பது மூன்றில் ஒன்றுதான், முக்காலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு விடை எப்படி முக்காலைவிடக் குறையும் என்று பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டபோது, திரைக்கு முன்னால் இருந்த அத்தனை பேருக்கும் பாடம் விளங்கிவிட்டது. இந்த உத்தியை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். வேறு பள்ளியில் பணியாற்றும் தோழி ஒருவர், ஒரு நாள் மாலையில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தாராம்.

ஆகவே என் யோசனை இது. வகுப்புதோறும் பலகை வேண்டாம். பிள்ளைக்கொரு டேப்லெட்டும் வேண்டாம். ஒரு வகுப்புக்குப் போதுமான டேப்லெட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்து எல்லா வகுப்புகளும் பங்கிட்டுக்கொள்ளட்டும். பழுதுபார்க்கவும் இணையக் கட்டணத்துக்கும் மூன்றாண்டுக்குத் தேவையானதை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மீதியை ஆள்களுக்குச் செலவிடுங்கள்: ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கும் பயிற்சி மாலைகளுக்கு, பிள்ளைகளோடு உட்காரும் பல்கலைக்கழக மாணவர்களின் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும். யார் மின்னூட்டம் ஏற்றுவது, யார் பூட்டைத் திறப்பது என்பதையும் தீர்மானத்தில் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். நம் சமூகத்துக்கு இது புதிய வழியன்று. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தன் வகுப்புகளை வளர்த்தெடுத்தது, படித்து மேலே வந்த மாணவர்கள் திரும்பி வந்து இளையவர்களுக்குத் தந்த நேரத்தைக் கொண்டுதான். உங்கள் நன்கொடையாளரும் முன்னாள் மாணவர் என்கிறீர்கள். பணத்தோடு மாதம் ஒரு சனிக்கிழமையையும் தர முடியுமா என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து பயிற்சித்தாள்களைத் தயாரித்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பகிர்ந்து வருகிறோம். சிலர் அவற்றை அச்சிட்டு விற்கிறார்கள். இன்னும் சிலர் கோப்பைத் திறந்தால் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன என்கிறார்கள். பகிர்வதையே நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது.
— ஆசிரியை, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. உங்களைப் போன்றோர் நிறுத்தினால், நாட்டின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர் தனியாக இரவில் உட்கார்ந்து, நீங்கள் ஏற்கெனவே செய்துமுடித்ததை முதலிலிருந்து செய்யத் தொடங்குவார். மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் பதிப்பகங்கள் உண்டு, சந்தை உண்டு. தமிழில் ஐந்தாம் ஆண்டு அறிவியலுக்கு நல்ல பயிற்சித்தாள் வேண்டுமென்றால் அதைச் செய்பவர் பெரும்பாலும் இன்னோர் ஆசிரியரே. பகிர்வு நமக்கு வாழ்வாதாரம்.

ஆனால் பகிரும் முறையை மாற்ற வேண்டும். முதலில் எழுத்துடைவு. பழைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தி உருவாக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ திறன்பேசியிலோ திறந்தால், ‘கற்றல் தரம்’ என்று நீங்கள் தட்டியது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. பழைய கோப்புகளை மாற்றித்தரும் இலவச எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் உள்ளன. அச்சுத்தாளாக மட்டும் கையில் இருப்பவற்றைப் படமெடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியே திறந்தால், தமிழ் எழுத்துகளை அது அடையாளம் கண்டு திருத்தக்கூடிய உரையாகத் தந்துவிடும். ஒருமுறை பிழை பார்த்தால் போதும். இந்தத் துறையில் மலேசியத் தமிழருக்குப் பெருமைப்படக் காரணம் உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய ‘முரசு அஞ்சல்’ இங்கே பிறந்தது; கைப்பேசியில் தமிழைக் கொண்டுசேர்த்த ‘செல்லினம்’ 2005இல் அவரிடமிருந்தே வந்தது; 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. நமக்கு எழுத்து கிடைக்கப் பலர் இவ்வளவு உழைத்த பிறகும் நம் பள்ளிக் கோப்புகள் உடைந்த எழுத்தில் கிடப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இரண்டாவது, இடம். புலனக் குழுவில் போட்ட கோப்பு மறுநாள் காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு இடமாற்றலாகி வரும் ஆசிரியருக்கு அது கிடைப்பதே இல்லை. ஒரு பொதுக் கோப்புறையைத் திறந்து, கோப்பின் பெயரிலேயே ஆண்டு, பாடம், கற்றல் தர எண் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். குழுவில் இணைப்பை மட்டும் அனுப்புங்கள். பிழை கண்டவர் திருத்துவதற்கும் ஒரே பிரதிதான் இருக்கும்.

மூன்றாவது, உரிமை. 1987ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சொந்தமாக உருவாக்கி எழுத்தில் வடித்த படைப்புக்குப் பதிவு செய்யாமலே பதிப்புரிமை உண்டு. அந்த உரிமையை வைத்துக்கொண்டே பிறருக்கு அனுமதி தரும் வழிதான் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். ‘பெயர் குறிப்பிட வேண்டும், வணிக நோக்கில் பயன்படுத்தக்கூடாது’ என்ற வகை உரிமத்தைத் தேர்ந்து தாளின் அடியில் ஒரே வரியில் அச்சிடுங்கள். அதன்பின் விற்பவரிடம் நேரே அந்த வரியைக் காட்டிக் கேட்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பதிப்பகத்தின் பயிற்சிநூலிலிருந்து எடுத்த கேள்வியையோ படத்தையோ உங்கள் உரிமத்தின்கீழ் பிறருக்குத் தர உங்களுக்கு அதிகாரமில்லை. அவற்றை நீக்கிவிட்டுப் பகிருங்கள்.

விற்பவர் ஒரு சிலர் இருப்பார்கள்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களே தட்டச்சு செய்து பிழைபார்த்த தமிழ் நூல்களை உலகெங்கும் இலவசமாக வழங்கி வருகிறது. அதிலிருந்து எடுத்து யாரேனும் லாபம் பார்ப்பார்களே என்று அவர்கள் தொடக்கத்திலேயே தயங்கியிருந்தால், நம்மில் பலர் சங்கப் பாடலைத் திரையில் தேடிப் படித்திருக்க முடியாது.

கேள்வி: ஒட்டுக்கடையாகத் தொடங்கிய எங்கள் வாழையிலை உணவகத்தில் இப்போது 14 உள்ளூர்ப் பணியாளர்கள் இருக்கிறார்கள். திரையில் தட்டி ஆர்டர் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தேன். நீண்டகாலமாக இருக்கும் மூத்த பணியாளர் அதைத் தொடவே மறுக்கிறார். மின் விலைப்பட்டியல் வேறு வந்துவிட்டது. என்ன செய்வது?
— உணவக உரிமையாளர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: மூத்தவர் மறுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஏன் மறுக்கிறார் என்று எழுதவில்லை. அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். இப்படிப்பட்ட திரைகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். விற்ற நிறுவனம் போட்டுக்கொடுத்த வரிசையிலேயே பட்டியல் இருக்கும். புளிக்குழம்பு ஆங்கில எழுத்தில் ‘கிரேவி’ என்ற தலைப்புக்குள் மூன்றாம் திரையில் ஒளிந்திருக்கும். மதியக் கூட்டத்தில் வாடிக்கையாளர் காத்திருக்க, ‘அண்ணே, இன்னும் ஒரு அப்பளம்’ என்ற ஒரு சொல்லுக்காக அவர் நான்கு முறை தட்ட வேண்டியிருக்கும். தாளில் இரண்டு வினாடியில் கிறுக்குபவருக்கு இது முன்னேற்றமாகத் தெரியாது. அவரையே பக்கத்தில் உட்கார வைத்து, அதிகம் கேட்கப்படும் பத்துப் பொருள்கள் எவை என்று கேட்டு, அவற்றைத் தமிழ்ப் பெயரோடும் படத்தோடும் முதல் திரைக்குக் கொண்டுவாருங்கள். எந்த வாடிக்கையாளருக்குக் காரம் ஆகாது, யார் வந்தால் ரசம் முதலில் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் நினைவில்தான் இருக்கிறது. அவர் ஓய்வுபெறும் நாளில் அது கடையைவிட்டுப் போய்விடும். திரையைக் கற்பவராக மட்டுமல்லாமல், திரைக்குக் கற்றுத்தருபவராகவும் அவரை ஆக்குங்கள். பயிற்சியை மதியக் கூட்டம் ஓய்ந்த மூன்று மணிக்கு மேல், சம்பள நேரத்திலேயே வையுங்கள்.

பயிற்சிக்குப் பணம் ஏது என்பீர்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியப் பணியாளர்களைக் கொண்ட முதலாளிகள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் எனும் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு லெவியாகச் செலுத்த வேண்டும். 2021 மார்ச் முதல் இவ்விதி ஏறக்குறைய எல்லாச் சேவைத் துறைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஐந்து முதல் ஒன்பது பேர் வரை வைத்திருப்போர் விரும்பினால் 0.5 விழுக்காடு செலுத்திச் சேரலாம். நீங்கள் செலுத்தும் தொகை உங்கள் பணியாளரின் பயிற்சிக்கென்றே உங்கள் கணக்கில் இருக்கிறது. வரியைப் போல நினைத்துக் கட்டிவிட்டு மறந்துவிடும் சிறு முதலாளிகள் நம்மில் அதிகம்.

விற்பனை ரசீதை வருமான வரி வாரியத்துக்கு மின்வழியே அனுப்பும் மின் விலைப்பட்டியல் முறையைக் கண்டு கலங்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கி, படிப்படியாகச் சிறியவற்றுக்கும் வருகிறது. உங்கள் விற்பனைக்கு எந்தக் கட்டம் பொருந்தும் என்பதை உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாரியத்தின் ‘மைஇன்வாய்ஸ்’ தளத்தைப் பயன்படுத்தக் கட்டணமில்லை. சாப்பிட வரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டியதும் இல்லை. கேட்காதவர்களின் ரசீதுகளையெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை ஒன்றாகத் தொகுத்து, மாதம் முடிந்த ஏழு நாள்களுக்குள் அனுப்பலாம்.

ஒரு யோசனை. 1989இல் பினாங்கில் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியபோது, சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் மின்னணு நிறுவனங்கள் மாநில அரசோடும் கல்விக்கூடங்களோடும் கைகோத்துப் பயிற்சிக்கென்று ஒரே கூரையின்கீழ் வந்தன. தனித்தனியே வாங்க முடியாத இயந்திரத்தையும் பயிற்றுநரையும் பங்கிட்டுக்கொண்டன. பிரிக்பீல்ட்ஸில் நான்கு உணவகங்கள் சேர்ந்து ஒரே பயிற்றுநரை வரவழைத்தால், போட்டியில் யாருக்கும் நட்டமில்லை. சாம்பாரின் பக்குவம் அவரவரிடமே இருக்கட்டும்.

கேள்வி: தமிழ்மொழிக் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்குவது தவறா?
— நான்காம் படிவ மாணவன், கெப்போங், கோலாலம்பூர்

பதில்: தவறு, தம்பி. எஸ்.பி.எம். தேர்வு அறைக்குள் அந்தச் செயலி உன்னோடு வராது என்பது சிறிய காரணம். கட்டுரை எழுதும்போது உன் மனத்தில் நடக்கவேண்டிய யோசனை நடக்காமல் போகிறது என்பதே பெரிய காரணம். நீயே எழுதிவிட்டு, ‘என் வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது?’ என்று அதனிடம் கேள். அது நல்ல பயன். அது தரும் மேற்கோளை மட்டும் அப்படியே நம்பாதே. இல்லாத செய்யுளை இருப்பதுபோல் எழுதித்தருவதும், ஒரு குறளுக்கு வேறு குறளின் எண்ணைச் சொல்வதும் இத்தகைய செயலிகளிடம் உள்ள குறை. நூலைத் திறந்து சரிபார்.

கேள்வி: எனக்கு வயது 71. வங்கி, மருத்துவமனை முன்பதிவு என எல்லாவற்றையும் திறன்பேசியிலேயே செய்யச் சொல்கிறார்கள். பேரனிடம் கொடுத்தால் வேகமாகச் செய்துவிடுகிறான். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தெரியாமல் எதையாவது அழுத்திப் பணம் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.
— ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. சேவையைத் திறன்பேசிக்கு மாற்றிய நிறுவனங்கள் முகப்பில் ஆள் நிறுத்தும் செலவை மிச்சப்படுத்தின. அதைக் கற்றுக்கொள்ளும் சுமை உங்கள் தலையில் விழுந்தது. முகப்பில் ஆள் இருக்கும் வரை அங்கே போய்க் கேட்பதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

கற்க வேண்டும் என்று விரும்பினால் ஒரு விதியைப் பேரனிடம் சொல்லிவிடுங்கள்: திறன்பேசி உங்கள் கையிலேயே இருக்கும், அவன் வாயால் மட்டும் சொல்வான், விரல் உங்களுடையதாக இருக்கும். வேகமாகச் செய்து முடிப்பவர் உதவி செய்கிறார், கற்றுத்தருவதில்லை. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு காரியம் போதும். முதல் வாரம் மீதத் தொகையைப் பார்ப்பது மட்டும் பழகட்டும். படிகளைத் தமிழில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

வீட்டில் ஆளில்லாத முதியோருக்கும் இதைச் சொல்கிறேன். முன்பு இணைய மையம் என்று அழைக்கப்பட்ட ‘நாடி’ மையங்களில் அடிப்படைப் பயிற்சிகள் நடக்கின்றன. கிரீன் லேன் பகுதியில் 2016இல் திறக்கப்பட்ட பினாங்கு மின்னியல் நூலகமும் பொதுமக்களுக்கானதே. கோயில் நிர்வாகங்களும் இயக்கங்களும் மாதம் ஒரு மாலை, முதியவர் ஒருவருக்கு இளைஞர் ஒருவர் என்று உட்கார வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். மேடையில் நின்று ஐம்பது பேருக்கு உரையாற்றி இதைக் கற்பிக்க முடியாது.

பணத்தைப் பற்றி: வங்கியோ காவல்துறையோ தொலைபேசியில் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் விடியும்வரை காத்திராமல், உடனே உங்கள் வங்கியையோ தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணையோ அழையுங்கள். பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறுவதற்குள் தடுக்க முயல்வதுதான் அம்மையத்தின் வேலை. ஆகவே தாமதம் கூடாது. இந்த எண்ணையும் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: எஸ்.பி.எம். முடித்து 16 ஆண்டுகளாகத் தங்கும்விடுதியின் முகப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பட்டம் இல்லாததால் பதவி உயர்வு தடைபடுகிறது. இணையத்தில் இலவசமாக எல்லாம் கிடைக்கிறது என்கிறார்கள். அதைப் படித்தால் போதுமா, பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமா?
— வாசகி, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: சகோதரி, அறிவு இலவசமாகக் கிடைக்கிறது என்பது உண்மை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லாருக்கும் திறந்துவிடப்போவதாக 2001இல் அறிவித்தது. மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களும் 2014 முதல் திறந்தநிலை இணையப் பாடங்களை வழங்கி வருகின்றன. ஆனால் உங்கள் மேலாளர் கேட்பது சான்றிதழை. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்: கட்டணம் கட்டுவதற்கு முன், விருந்தோம்பல் நிர்வாகம், கணக்கியல் போன்ற பாடங்களில் ஒன்றை இலவசமாகப் படித்து முடியுங்கள். அதை முடித்துவிட்டால் பட்டப்படிப்புக்கான நேரம் உங்களிடம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எஸ்.டி.பி.எம். இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். மலேசியத் தகுதி நிர்ணய முகமையின் ‘ஏபெல்’ எனும் அனுபவ அங்கீகார முறையில், 21 வயதைக் கடந்து தொடர்புடைய பணி அனுபவம் உள்ளவர்கள், தகுதித் தேர்வுக்கும் அனுபவக் கோப்பின் மதிப்பீட்டுக்கும் உட்பட்டு இளங்கலைப் படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம். உங்கள் ஊரிலேயே வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பணியாற்றிக்கொண்டே படிப்போருக்காக உருவான நிலையம் அது. அனுபவக் கோப்பில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ‘வாடிக்கையாளர் சேவையில் 16 ஆண்டு’ என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். அறை ஒதுக்கீட்டு மென்பொருள் மாறியபோது யாருக்கெல்லாம் பழக்கிக்கொடுத்தீர்கள், நெருக்கடி வந்த நாளில் எப்படிச் சமாளித்தீர்கள், எந்தப் பயிற்சிச் சான்றுகள் கையில் உள்ளன என்பவற்றைத் தேதியோடு தொகுத்து எழுதுங்கள். நீங்கள் பிறருக்குக் கற்றுக்கொடுத்ததும் உங்கள் தகுதிதான். அதற்குச் சாட்சியாக உடன் பணியாற்றியோரின் கடிதத்தையும் இணையுங்கள்.

கட்டணத்துக்கு ஊழியர் சேமநிதி வாரியத்தின் கல்வி மீட்பு வழி உண்டு. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, அத்தொகை ‘அக்காவுன் செஜாத்ரா’விலிருந்து எடுக்கப்படுகிறது. முதிய காலத்துக்கான பணம் அது என்பதால், முதலாளியின் எச்.ஆர்.டி. லெவியிலிருந்து ஏதேனும் பாடத்துக்கு உதவி கிடைக்குமா என்று மனிதவளப் பிரிவில் முதலில் கேட்டுப் பாருங்கள். கடைசியாக, உங்கள் தொழிலில் சுழல்முறை வேலைநேரம் உண்டு. ஒப்படைப்பு வாரங்களிலும் தேர்வு வாரங்களிலும் இரவு முறை விழாதபடி மாற்றிக்கொள்ள முடியுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே மேற்பார்வையாளரிடம் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.